புரஸ்டேட் புற்றுநோயாளரின் கவலையையும் கிளினிக்கில் விசாரிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

புற்றுநோய் பற்றி நமது பத்திரிகைகளில் வெளிவரும் கட்டுரைகளில் பெரும்பாலானவை, நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்திவிடலாம் என்பதையே வலியுறுத்துகின்றன. அது தேவையான செய்திதான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், எலும்புவரை பரவிய பின்னரே நோய் தெரியவந்து, இனி முற்றாகக் குணப்படுத்த முடியாது, கட்டுப்படுத்தி வைத்திருக்கலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்ட நிலையில், ஆண்டுக்கணக்காக மருந்தோடு வாழ்ந்துகொண்டிருப்பவர்களும் அந்தக் கட்டுரைகளை வாசிக்கிறார்கள் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள புரஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் முற்றிய நிலையில் சிகிச்சை பெற்றுவரும் ஒருவன் என்ற முறையில், அவர்களுக்காகவும் அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். இந்த நோயோடு கூடவே வரும் கவலையை நோயாளியின் மனப்பலவீனமாகக் கருதி ஒதுக்காமல், நோயின் ஒரு பகுதியாகவே ஏற்று, வலியையும் சிறுநீர்த் தடையையும் விசாரிப்பதுபோல அதையும் கிளினிக்கில் விசாரிக்க வேண்டும்.

நான் திருகோணமலை மாவட்டத்தில் கிராம அலுவலராகக் கடமையாற்றி ஓய்வுபெற்றவன். நிவாரணப் பட்டியலும் இடம்பெயர்ந்தோர் பதிவும் எழுதிய காலத்தில் இந்தப் பகுதி ஆண்களின் இயல்பை அருகிலிருந்து கண்டிருக்கிறேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி அடித்த பின்னர், பாடசாலை வகுப்பறையொன்றில் மேசை போட்டு, ஒவ்வொரு குடும்பமும் இழந்தவர்களின் விபரங்களைப் பதிந்தோம். பெண்கள் அழுதழுது சொன்னார்கள். பக்கத்தில் நின்றவர்கள் அவர்களைத் தாங்கிப் பிடித்தார்கள். ஆண்களோ பெயரையும் வயதையும் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரே குரலில் சொல்லி, காட்டிய இடத்தில் ஒப்பமிட்டு, அடுத்தவருக்கு இடம்விட்டு எழுந்து போனார்கள். அதே தலைமுறைதான் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்து, கையில் கிளினிக் கொப்பியுடன் வாங்கில் வரிசையாக அமர்ந்திருக்கிறது. “சண்டையையும் பார்த்திட்டம், சுனாமியையும் பார்த்திட்டம், இதென்ன பெரிய வருத்தம்” என்று அவர்கள் சொல்வதைக் கேட்பவர்கள், இவர்களுக்குக் கவலையே கிடையாது என்று நம்பிவிடுகிறார்கள். இரத்தம் கொடுத்த நாளிலிருந்து முடிவு கைக்கு வரும் நாள்வரை இரவில் கண்மூடாதவர்களும் இவர்களே என்பது இவர்களுடைய மனைவிமாருக்கு மட்டுந்தான் தெரியும்.

இந்தக் கவலை எந்நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. நோயின் போக்கை அறியச் செய்யும் பி.எஸ்.ஏ. என்ற குருதிப் பரிசோதனையை ஒட்டி அது ஏறி இறங்குகிறது. பலருக்கு அந்தப் பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முடிவு நல்லபடியாக வந்தால் சில வாரங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும். நாள் நெருங்க நெருங்கச் சாப்பாடு குறையும், சின்ன விடயத்துக்கெல்லாம் கோபம் வரும், வழமையான முதுகுப் பிடிப்புக்கூட நோய் ஏறியதன் அடையாளமாகத் தோன்றும். கிளினிக்கில் நான் அடிக்கடி காணும் முதியவர் ஒருவர் ஆய்வுகூடத்தில் கொடுக்கும் தாளைப் பிரிப்பதேயில்லை. அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வைத்தியர் முன் அமர்ந்த பின்னரே எடுத்து நீட்டுவார். நீட்டும்போதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். இன்னொருவர் கடற்றொழில் செய்பவர், வயதில் இளையவர். தாள் கைக்கு வந்த உடனேயே அதை மருந்தகத்தில் நிற்பவரிடம் காட்டி, “கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?” என்று கேட்பார், பதில் கிடைத்த பின்னரும் நம்பாமல் வாசலில் நிற்கும் இன்னொருவரிடமும் காட்டுவார். இந்த இருவரிடமும், தூக்கம் எப்படி, மனம் எப்படி என்று யாரும் கேட்டு நான் காணவில்லை. கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் எண்ணைப் பார்த்து மருந்தை எழுதுவதற்கே போதுமானதாக இருக்கின்றன. வைத்தியர்கள் மீது குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வாசலில் காத்திருக்கும் கூட்டத்தை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பி.எஸ்.ஏ. என்பது புரஸ்டேட் சுரப்பியின் கலங்கள் உண்டாக்கும் ஒரு புரதம். சிகிச்சை பலன் தருகிறதா என்பதை அறிய அது பெரிதும் உதவுகிறது. ஆயினும் ஒரேயொரு முடிவை மட்டும் வைத்து வைத்தியர்கள் சிகிச்சையை மாற்றிவிடுவதில்லை. தொடர்ந்து எடுத்த முடிவுகள் எந்தப் பக்கம் போகின்றன, எவ்வளவு காலத்தில் இரட்டிக்கின்றன, ஸ்கேனில் புதிதாக ஏதும் தெரிகிறதா, நோயாளிக்கு உடம்பில் என்ன செய்கிறது என்பவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று இருந்தாலும், சிறுநீர்க்குழாய் போட்டு எடுத்திருந்தாலும் அந்த எண் சற்று உயரக்கூடும். பரிசோதிக்கும் முறை ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் வேறுபடுவதாலும் முடிவில் வித்தியாசம் வரலாம். ஆகவே முடிந்தவரை ஒரே இடத்தில் செய்விப்பது நல்லது. ஓர் அலையைப் பார்த்துக் கடல் ஏறுகிறதா வற்றுகிறதா என்று கரைவலை இழுப்பவர் எவரும் சொல்லமாட்டார். இவ்வளவையும் எனக்கு ஒரு வைத்தியர் விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம்கூடச் செல்லவில்லை. அதன் பின்னர் பரிசோதனை நாள்களில் எனக்குப் பயம் அற்றுப்போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் தசம எண்களைப் பார்த்துக் கைநடுங்குவது குறைந்தது. அந்த ஐந்து நிமிட விளக்கம் எல்லோருக்கும் அவரவர் மொழியில் கிடைக்க வேண்டும்.

கவலையின் ஒரு பகுதி மருந்திலிருந்தே வருகிறது என்பதையும் பலர் அறியார். முற்றிய புரஸ்டேட் புற்றுநோய்க்கு அடிப்படைச் சிகிச்சை, உடலில் உள்ள ஆண் ஹோர்மோனாகிய டெஸ்டோஸ்டெரோனைக் குறைப்பது. அதற்கு மாதத்துக்கு ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ ஊசி போடுவார்கள். அல்லது விதைகளை அகற்றும் சத்திரசிகிச்சை செய்வார்கள். எந்த வழியானாலும் ஹோர்மோன் குறையும்போது திடீர் திடீரென உடம்பு கொதித்து வியர்க்கிறது. இரவில் அதனாலேயே விழிப்பு வருகிறது. தசை மெலிகிறது, எலும்பு பலம் குறைகிறது, அடிவயிற்றில் கொழுப்புச் சேருகிறது, காரணம் தெரியாமல் களைப்பு வருகிறது, கண் கலங்குகிறது. இந்தச் சிகிச்சை பெறுபவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுவது மருத்துவம் அறிந்த விடயம். கோயில் வீதியில் நின்று சாமி பார்த்துக்கொண்டிருக்கையில், மற்றவர்களுக்கெல்லாம் கடற்காற்று குளிராக அடிக்கும்போது, எனக்கு மட்டும் கழுத்திலிருந்து நெருப்புப் பற்றியதுபோல் ஏறி, சால்வை நனைந்துபோனது. மாரடைப்பு வருகிறதென்றே அன்று எண்ணினேன். அந்த ஊசி போட்டவர்களுக்கு இப்படி வரும், சில நிமிடங்களில் அடங்கிவிடும், மிகவும் தொந்தரவாக இருந்தால் அதைக் குறைக்கவும் மருந்து உண்டு என்று ஒரு தாதி முன்கூட்டியே சொல்லியிருந்தால் எத்தனை இரவுப் பயம் இல்லாமற் போயிருக்கும்! ஆண் ஹோர்மோனை மேலும் குறைக்கும் அபிராட்டரோன் என்ற குளிசையோடு கொடுக்கப்படும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அதை எந்த வேளையில் எடுப்பது என்பதை வைத்தியரிடம் கேட்டு ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். தூக்கமின்மையையும் அழுகையையும் தன் கோழைத்தனம் என்று எண்ணிக் குமைந்துகொண்டிருப்பவருக்கு, இது மருந்தினால் வருவது என்று தெரிந்தாலே பாதிப் பாரம் இறங்கும்.

தாம்பத்தியம் பற்றி நமது சமூகத்தில் எழுதுவது கடினம். எழுதாமல் விடுவதால் ஏற்படும் துன்பம் அதைவிடப் பெரிது. இந்தச் சிகிச்சையால் பாலியல் விருப்பம் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. அதுபற்றி முன்னரே கணவனையும் மனைவியையும் ஒன்றாக இருத்திச் சொல்லாதபோது, கணவர் தன்னை வெறுத்துவிட்டாரோ என்று மனைவி எண்ணுகிறாள். கணவன் தான் இனி ஆண்மகனே அல்ல என்று எண்ணிக் கட்டிலைத் திண்ணைக்கு மாற்றிக்கொள்கிறான். விதை அகற்றும் சத்திரசிகிச்சை ஒருமுறையோடு முடிந்துவிடும், தொடர்ந்து ஊசி தேடி அலைய வேண்டியதில்லை என்பதால் அதைத் தெரிவுசெய்பவர்கள் நம்மிடையே உண்டு. மருத்துவ ரீதியில் அது நல்ல சிகிச்சையே. ஆனால் அதைச் செய்துகொண்டவர் பிள்ளைகளிடம் “சின்ன ஒப்பரேஷன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அதன் பின் கலியாண வீடுகளுக்கும் போகாமல் ஒதுங்கியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அவருடைய பி.எஸ்.ஏ. நன்றாகவே குறைந்திருந்தது. அவர் நன்றாக இருக்கவில்லை.

“முற்றிய நோய்” என்று கேட்டவுடன் நாளை என்ற ஒன்று இல்லை என்று முடிவுகட்டுவதற்கும் இடமில்லை. ஆண் ஹோர்மோனைக் குறைத்தால் இந்த நோய் அடங்கும் என்பதை 1941இல் சிக்காகோவில் சார்ள்ஸ் ஹக்கின்சும் கிளாரன்ஸ் ஹொட்ஜசும் காட்டினார்கள். அந்தத் துறையில் செய்த பணிக்காக ஹக்கின்சுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின் பல தசாப்தங்களாக வைத்தியர்கள் கையில் பெரும்பாலும் அந்த ஒரு வழியே இருந்தது. ஹோர்மோன் சிகிச்சைக்கு நோய் கட்டுப்படாமற் போகும்போது டோசிடாக்செல் என்னும் மருந்து ஆயுளை நீட்டுகிறது என்பது 2004இல் உறுதியானது. அமெரிக்காவில் 2011இல் அபிராட்டரோனும் 2012இல் என்சலூட்டமைட் என்னும் இன்னொரு மருந்தும் அனுமதி பெற்றன. இவற்றில் ஒன்றைத் தொடக்கத்திலேயே ஹோர்மோன் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுப்பது பலருடைய ஆயுளை மேலும் நீட்டுகிறது என்பது 2015ஆம் ஆண்டு முதல் வந்த ஆய்வுகளில் தெளிவானது. ஆகவே, நமது அப்பப்பா காலத்தில் இந்த நோய் வந்தவருக்கு நடந்ததை இன்று வந்தவருக்கும் அப்படியே பொருத்திப் பார்ப்பது சரியன்று. அதேவேளை, இந்த மருந்துகள் விலை கூடியவை என்பதும், 2022இல் நாடு பட்ட பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகளுக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை நோயாளிகள் மறக்கவில்லை என்பதும் உண்மை. அடுத்த மாதக் குளிசை கிடைக்குமா, கிடைக்காவிட்டால் வெளியில் வாங்க எந்த நகையை ஈடு வைப்பது என்பதும் புற்றுநோய்க் கவலைதான். அதற்கு உளவளத்துணை மட்டும் போதாது. மருந்து தட்டுப்பாடின்றி வர வேண்டும், வராவிட்டால் எப்போது வரும் என்பதை நோயாளிக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

மொழியையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. திருகோணமலையிலிருந்து தேசிய புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மஹரகமவுக்கோ வேறு மாவட்டங்களுக்கோ அனுப்பப்படும் நோயாளிகளில் பலருக்குச் சிங்களம் தெரியாது; ஆங்கிலமும் தெரியாது. இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ தூக்கமின்றிப் போய்ச் சேர்ந்து, காலையில் வரிசையில் நின்று, தமக்கு விளங்காத மொழியில் தமது உயிரைப் பற்றிப் பேசப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரும் கொடுமை. வெளிமாவட்ட வைத்தியசாலை ஒன்றில் எனது ஸ்கேன் முடிவைப் பற்றி வைத்தியர் வெகுநேரம் விளக்கினார். அருகில் நின்ற சிற்றூழியர் ஒருவர், உதவும் நல்ல மனத்தோடுதான், “ஐயா, எலும்பு முழுக்கப் பரவிட்டுதாம்” என்ற ஒரே வாக்கியத்தில் அதை எனக்குச் சொல்லி முடித்தார். ஊர் திரும்பிய பின்னர், தமிழ் பேசும் வைத்தியர் ஒருவர் அதே அறிக்கையைப் பார்த்து, இடுப்பெலும்பிலும் ஒரு முள்ளந்தண்டெலும்பிலும் மட்டுமே நோய் தெரிகிறது, சிகிச்சைக்கு அது நன்றாக அடங்கி வருகிறது என்றுதான் அங்கே சொல்லியிருப்பார்கள் என்றார். இடைப்பட்ட நாள்களில் நானும் என் மனைவியும் பட்டது எங்கள் எதிரிக்கும் வேண்டாம். புற்றுநோய்க் கிளினிக்குகளில் மொழிபெயர்ப்பதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பதை ஆடம்பரமாக எவரும் கருதக்கூடாது.

வீட்டுக்குள் நடப்பதற்கு வருகிறேன். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் அழைக்கிறார்கள். அப்பாவுக்கு உண்மையைச் சொல்லாதீர்கள் என்று அம்மாவிடம் சொல்கிறார்கள். அம்மா அறைக்கு வெளியே போய் நின்று தாழ்ந்த குரலில் பேசுகிறார். அப்பாவுக்கோ எல்லாம் தெரியும். பிள்ளைகள் கவலைப்படுவார்களே என்று அவரும் தெரியாதவர்போல் இருக்கிறார். “அப்பா, ரிசல்ட் வந்திட்டுதா?” “ஓம் பிள்ளை, ஒண்டுமில்லை, எல்லாம் நோர்மல்.” இவ்வாறு ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி, ஒரே கூரையின் கீழ் ஒவ்வொருவரும் தனித்தனியே பயந்துகொண்டிருக்கிறார்கள். எல்லா வீட்டுக்கும் ஒரே விதி பொருந்தாது. எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்பதை நோயாளியிடமே கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலானோர் தெரிந்துகொள்ளவே விரும்புவார்கள் என்பது என் எண்ணம். என் வீட்டில், அறிக்கை வந்ததும் மேசையில் விரித்து வைத்து மனைவியும் நானும் சேர்ந்தே வாசிக்கிறோம். விளங்காததை விளங்கவில்லை என்று எழுதி வைக்கிறோம். அழுகை வந்தால் இருவருமாக அழுகிறோம். பிறகு சமையலைப் பார்க்கிறோம்.

நலம் விசாரிக்க வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாழைப்பழச் சீப்பும் மால்ட் மாவுப் பெட்டியும் கொண்டு அன்போடுதான் வருகிறீர்கள். வந்திருந்து, இதே வருத்தம் வந்து எங்கள் மச்சான் எப்படிப் பட்டுப் போனார் என்று விவரிக்காதீர்கள். எதற்கும் யோசிக்காதீர்கள் என்று சொல்லிப் பேச்சை மாற்றவும் வேண்டாம். அப்படிச் சொன்னவுடன் நோயாளி வாயை மூடிக்கொள்வார். எது கூடுதலாக யோசனையாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை இருங்கள். பலருக்குச் சாவைவிட வலியும், படுக்கையில் கிடந்து பிறருக்குப் பாரமாவதும், கட்டிக்கொடுக்காத மகளும்தான் பெரும் பயமாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் செய்யக்கூடியது ஏதாவது உண்டு. வலிக்கு மோர்பின் உட்பட நல்ல மருந்துகள் இருக்கின்றன. குறித்த எலும்பு வலிக்குச் சிலவேளை ஒரே முறை கொடுக்கும் கதிர்ச்சிகிச்சையே பலன் தருகிறது. வலி நிவாரணச் சிகிச்சை என்பது சாகப் போகிறவருக்கு மட்டும் உரியது என்று எண்ணி அதைத் தள்ளிப்போடுவதில் எந்த நியாயமும் இல்லை.

எனக்குப் பயன்பட்டவற்றையும் சொல்கிறேன். பிறர் தத்தம் வைத்தியரைக் கேட்டுத் தமக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, எந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது. எலும்புக்குப் பரவிய நோயில், புதிதாகத் தோன்றிக் கூடிக்கொண்டு போகும் கடும் முதுகு வலி, கால்களில் பலம் குறைதல், மரத்துப்போதல், நடை தடுமாறுதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமற் போதல் அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் ஆகியவை ஏற்பட்டால், முள்ளந்தண்டு நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அன்றே, இரவானாலும், வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் கால்கள் மீளாமற் போகலாம். கீமோ மருந்து ஏற்றும் காலத்தில் காய்ச்சல் வந்தாலும் அப்படியே உடனே போக வேண்டும். இந்தச் சில வரிகள் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டுள்ளன. அவை அங்கே இருப்பதால், அதில் இல்லாத சிறு நோவுகளை அடுத்த கிளினிக்கில் கேட்கலாம் என்று விட்டுவிட என்னால் முடிகிறது.

மற்றது, யோசனைகளுக்கு நேரம் ஒதுக்குவது. உளவளத்துணையாளர் ஒருவர் சொல்லித்தந்த முறை இது. இரவில் எழும் பயத்தோடு அப்போதே மல்லுக்கட்டாமல், அதை ஒரு வரியில் கொப்பியில் எழுதிவிட்டு, மறுநாள் பின்னேரம் அதற்கென்று வைத்த அரைமணி நேரத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும். அவற்றில் கேள்வியாக மாற்றக்கூடியவற்றை வைத்தியரிடம் கேட்பதற்கென்று கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். முக்கியமான மூன்றுக்கு மேல் எழுதுவதில்லை, வைத்தியருக்கும் நேரம் வேண்டும். கேள்வியாக மாற்ற முடியாத பயங்களை மனைவியிடம் வாய்விட்டுச் சொல்கிறேன். நடையும் உதவுகிறது. ஹோர்மோன் சிகிச்சையில் வரும் களைப்புக்கு ஓய்வைவிட அளவான உடற்பயிற்சியே நல்லது என்பது பல ஆய்வுகளில் தெரியவந்த முடிவு. தசையையும் அது காக்கிறது. வெயில் ஏறுமுன் உட்துறைமுகக் கரையோரமாக நடந்துவிட்டு வந்தால் அன்றைய இரவுத் தூக்கத்தில் வித்தியாசம் தெரிகிறது. நோய் எலும்பில் இருப்பவர்கள் பாரம் தூக்கும் பயிற்சிகளை வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கோணேசரையும் பத்திரகாளி அம்மனையும் கும்பிட்டு வளர்ந்தவன் நான். பள்ளிவாசலில் துஆக் கேட்கும் நண்பரும், தேவாலயத்தில் எனக்காக மன்றாடும் அயல்வீட்டு அம்மாவும் எனக்கு உண்டு. அந்தப் பலம் பெரிது. ஆனால் மருந்தை நிறுத்திவிட்டுக் கசாயத்தை மட்டும் குடிக்கச் சொல்லும் எவரையும் நம்ப வேண்டாம் என்று மன்றாட்டமாகக் கேட்டுக்கொள்கிறேன். பயம் பிடித்த மனத்துக்கு உறுதிமொழி கொடுப்பவர்களைத் தேடிப் போகும் இயல்பு இருக்கிறது. அதை அறிந்தே பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். மூலிகை எதை எடுத்தாலும் அதை வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். சில பொருள்கள் புற்றுநோய் மருந்துகளின் செயலைக் கெடுக்கும்.

இனி, அதிகாரிகளிடம் கேட்பது. ஒருவருடைய மனத்துன்பத்தை அறிய நீண்ட நேர்காணல் தேவையில்லை. வெப்பமானி போன்ற ஒரு படத்தைத் தாளில் வரைந்து, கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மனத்துன்பம் எவ்வளவு என்பதைப் பூச்சியம் முதல் பத்துவரை குறியுங்கள் என்று கேட்கும் எளிய முறை ஒன்று உலகின் பல புற்றுநோய் நிலையங்களில் நடைமுறையில் இருக்கிறது. நியூயோர்க் வைத்தியர்கள் அதைப் பரீட்சித்து 1998இல் வெளியிட்ட முதல் ஆய்வு, புரஸ்டேட் புற்றுநோய் கொண்ட ஆண்களிடமே செய்யப்பட்டது என்பதை அறிந்தபோது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லாத ஆண்கள் அந்த ஊரிலும் இருந்திருக்கிறார்கள். தாளில் ஒரு கோடு போட அவர்களால் முடிந்திருக்கிறது. இப்போது நான்கு அல்லது அதற்கு மேல் குறிப்பவர்களிடம் மேலும் விசாரித்து, தேவையானால் உளநலப் பிரிவுக்கு அனுப்புவது பல நாடுகளில் வழக்கம். இதற்குப் புதிய கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை. நிறையும் இரத்த அழுத்தமும் எடுக்கும் மேசையிலேயே அந்தத் தாளையும் கொடுக்கலாம். சுனாமிக்குப் பின்னர் கிழக்கு மாகாணத்தில் உளநலச் சேவைகள் விரிவடைந்தன. மனம் பாதிக்கப்பட்டவர்களிடம் எப்படி இருந்து கதைப்பது என்பதைக் கற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களையும் புற்றுநோய்க் கிளினிக்கையும் இணைக்கும் ஏற்பாடுதான் வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் போய்விட்டன, வாழ்ந்தது போதும் என்ற எண்ணம் வருகிறது என்றால் அதற்கும் சிகிச்சை உண்டு. அதைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு இரவிலும் அழைத்துப் பேசலாம்.

பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரும் மாவட்டப் பொது வைத்தியசாலையின் பணிப்பாளரும் தமிழிலும் சிங்களத்திலும் அந்த ஒற்றைத் தாளை அச்சிட்டு, புற்றுநோய்க் கிளினிக்கிலும் சிறுநீரியல் (யூரோலொஜி) கிளினிக்கிலும் பரீட்சார்த்தமாகவாவது பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்று தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன். தாளின் மறுபக்கத்தில், உடனே வைத்தியசாலைக்கு வர வேண்டிய அறிகுறிகளையும் பி.எஸ்.ஏ. பற்றிய சிறு விளக்கத்தையும் சேர்த்தால் அதுவே கொப்பிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோக உதவும். எழுத வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்கு அதை வாசித்துச் சொல்லவும், அவர்கள் காட்டும் இடத்தில் கோடு போட்டுக் கொடுக்கவும், என்னைப் போல ஓய்வுபெற்ற அரச ஊழியர்கள் சிலர் கிளினிக் நாள்களில் வந்திருக்க ஆயத்தமாக இருக்கிறோம். வைத்தியசாலை அனுமதி தந்தால் அடுத்த கிளினிக்கிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம அலுவலர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.